இலை தந்த குருதி

சென்னையில் 1885ஆம் ஆண்டு பெண்டிருக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? சாதி–கோஷா மருத்துவமனை! சாதி இந்துப் பெண்டிரும், கோஷாத் திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்டிரும் ஆண் மருத்துவரின் கண்ணிற் படாது நோய் தீர்த்துக்கொள்ள அமைத்த இடம். நோக்கம் நல்லதே. பெயர்ப் பலகையோ பிறப்பைக் கேட்டது! இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அந்த வாயிலுக்குள் 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குருதியை ஆராய வந்தார் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர்.

கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றுத் தேறியவர் அவர். தேர்வெழுத விட்ட பல்கலைக்கழகம் முழுப் பட்டம் தர மறுத்தது. பெண்ணுக்குப் பட்டமளிக்க 1948 வரை அதற்கு மனம் வரவில்லை. பெண் கல்விக்குத் தாழ்ப்பாள் போட்டவர் நம் நாட்டில் மட்டுமே இருந்தனர் என்று எண்ணற்க!

1928இல் அவர் பம்பாய் வந்தபோது, பஞ்சாலையில் உழைத்த பெண்கள் கருவுற்ற காலத்தில் வெளிறி, மூச்சு வாங்கி, மடிந்துகொண்டிருந்தனர். நாஞ்சில் நாட்டுப் பாட்டிமார் இதைச் சோகை என்பர். சிலர் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கவும் அழைத்துச் செல்வர். வில்ஸோ ஒரு துளிக் குருதியை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். சிவப்பணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, உருவிற் பருத்து, முதிராது கிடந்தன.

கொடுஞ்சோகை என்னும் வேறொரு நோயிலும் அணுக்கள் இப்படித்தான் இருக்கும். உடலின் காவற்படையே இரைப்பையைத் தாக்க, பி12 உயிர்ச்சத்து உடலிற் சேராது போவதால் வருவது அது. வேலியே பயிரை மேயும் கதை! அதற்குத் தூய்மைப்படுத்திய ஈரற்சாறு மருந்தாயிற்று. ஆனால், அதே சாறு இந்தத் தாய்மாருக்குப் பலிக்கவில்லை. அப்படியானால் குறைவது வேறு பொருள் அன்றோ? அவர்கள் உண்ட வறிய உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை கண்டது. மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட்டுச் சாறு கொடுத்தார், தேறின. தாய்மாரும் தேறினர். 1931இல் அதை உலகுக்கு எழுதினார்.

அந்தப் பொருளை 1941இல் அமெரிக்க அறிஞர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து பிரித்தனர். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றனர். (கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டுவோர் அதன் பெரும்பகுதியையும் கொட்டிவிடுகின்றனர்.)

1945இல் அதைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யார்? பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ்! கதர் உடுத்தியதால் வெள்ளைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பாஸ்டனில் இரவெல்லாம் நோயாளர் மலத்தட்டைக் கழுவிப் பகலிற் படித்தவர். அந்த ஸ்ப்ரூ நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவர் குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றால் சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் வெண்புற்றைச் சில காலம் அடக்கிக் காட்டினார். அக்குடும்பத்தின் மெத்தோட்ரெக்ஸேட், இன்று முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கு வாரம் ஒருமுறை, சிறிய அளவில் தரப்படுகிறது. அதன் தீங்கைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் உடன் தருகின்றனர்! 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். வில்ஸ் 1964 வரை வாழ்ந்தார்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றோர். இரும்புச் சத்துக் குறைவே இதில் பெரும்பங்கு. பள்ளியில் வாரந்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருகிறோம். மலம் கறுக்கிறதென்று அஞ்சிச் சாளரத்தின் வழியே வீசும் மாணவியர் உளர். கறுப்பது இரும்பினால், அது இயல்பே என்று நான் வகுப்பில் சொல்லி வருகிறேன்.