ஏழே முக்கால் ஆண்டு எந்த நாடு?

1961 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் ஒரு கேள்வி கேட்டது. புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் அடங்கியதா, இல்லையா?

கேள்வி கிளம்பியது ஒரு பஸ் பர்மிட் தகராறிலிருந்து. சட்ட நூல்களில் 'மஸ்தான் சாகிப் வழக்கு' என்று பதிவாகியிருக்கும் அந்த வழக்கில், புதுச்சேரியின் போக்குவரத்து அதிகாரிகளும் தலைமை ஆணையரும் எடுத்த முடிவை எதிர்த்து மனுதாரர்கள் தில்லி வரை போனார்கள். அப்போது புதுச்சேரியில் மூவர்ணக் கொடி ஏறி ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. தலைமை ஆணையரை நியமித்தது தில்லி. கடிதத்தில் ஒட்டிய தபால்தலையும் கடையில் கொடுத்த ரூபாயும் இந்தியாவுடையவை. இருந்தும் மத்திய அரசு நீதிமன்றத்துக்கு அனுப்பிய பதில், 'இல்லை' என்பதே. புதுச்சேரியில் முழு அதிகாரத்தையும் இந்தியா செலுத்துகிறது. ஆனால் அரசியல் சட்டம் சொல்லும் இந்திய ஆட்சிப்பரப்புக்குள் அது இன்னும் வரவில்லை. அந்தப் பதிலை ஏற்று, 1962 ஏப்ரலில் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

இந்தியா ஆளுகிறது, ஆனால் இந்தியா இல்லை. பிரான்சு ஆளவில்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது பிரான்சின் மண். இப்படியொரு நிலையில் புதுச்சேரி ஏழே முக்கால் ஆண்டு இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களின் வியாபாரமும் வழக்கும் குடியுரிமையும் அதற்குள் சிக்கிக் கிடந்தன.

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரின் வடக்கு முனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பேட்டை அது. மணிக்கூண்டைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் கோட்டக்குப்பம். இன்று வீடுகளும் கடைகளும் விடாமல் தொடர்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டதைக் கடைப் பலகையில் உள்ள முகவரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை அந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து வேறொரு நாடு தொடங்கியது. வடக்கில் மட்டும்தான் இப்படி என்றில்லை. புதுச்சேரிப் பகுதியே தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து இன்னொரு பிரெஞ்சுக் கிராமத்துக்குப் போக, நடுவில் இந்திய நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

இந்த ஊருக்கு அங்கீகாரச் சிக்கல் 1954இல் புதிதாக வந்ததும் இல்லை. 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. விஷியில் பெத்தேன் தலைமையில் ஒரு அரசு அமைந்தது. லண்டனில் இருந்துகொண்டு தெ கோல் 'சுதந்திர பிரான்சு' அமைப்பை அறிவித்தார். உலகத்தின் பார்வையில் சட்டப்படியான பிரான்சு விஷிதான். அமெரிக்கா அங்கே தூதரை வைத்திருந்தது. தெ கோலைச் சுதந்திர பிரெஞ்சுக்காரர்களின் தலைவராக பிரிட்டன் ஏற்றுக்கொண்டதே தவிர, அவருடையதை ஓர் அரசு என்று ஏற்கவில்லை. புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் அந்த ஆண்டு செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தார். அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதும் கேள்விதான். கடல் தவிர மற்ற பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்தது. அரிசியும் பஞ்சும் அந்த நிலத்தைக் கடந்துதான் புதுச்சேரிக்கு வந்தாக வேண்டும்.

ஆக, பெரும்பாலான நாடுகள் ஏற்காத ஓர் அமைப்பின் கொடியின்கீழ் புதுச்சேரி வந்தது. அதன் முக்கியமான பொருளாதார ஒப்பந்தம் 1941 ஜனவரியில் கையெழுத்தான சுங்க ஒன்றியம். பிரிட்டிஷ் இந்தியாவின் சுங்க விகிதங்களைப் பிரெஞ்சிந்தியா ஏற்றுக்கொள்ளும். அதனால் இழக்கும் வருவாய்க்கு ஈடாக பிரிட்டிஷ் இந்தியா ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். சர்வதேச மாநாட்டில் நாற்காலி கிடைக்காத தரப்பு, பக்கத்து வீட்டுக்காரரோடு இப்படிக் கணக்கைச் சரிசெய்துகொண்டது. தெ கோலின் தற்காலிக அரசை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் மூன்றும் முறையாக அங்கீகரித்தது 1944 அக்டோபரில். புதுச்சேரியின் சுங்க ஒன்றியத்துக்கு அப்போது வயது மூன்றே முக்கால்!

இந்தியா விடுதலை பெற்ற பிறகு அந்த ஒன்றியம் நிலைக்கவில்லை. 1949 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. பிரான்சு புதுச்சேரியைத் தீர்வையற்ற துறைமுகமாக நடத்தியது. இந்தியா சுற்றிலும் சுங்கக் காவலைப் போட்டது. கப்பலில் வந்திறங்கிய தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் இரவோடு இரவாக இந்தியப் பக்கம் போயின. கடத்தல் கதைகளை இன்று சுவையாகச் சொல்கிறார்கள். அந்தக் கதைகளில் வராதவர்கள்தான் அதிகம். நூல் வாங்கப் போனவரும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புதுப்புடவை எடுத்துப் போனவரும் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. எல்லை ஓரத்துப் பேட்டைகளில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இருபுறமும்தானே?

ராஜதந்திரம் இன்னொரு பக்கம் ஓடியது. இந்தியா புதுச்சேரியில் துணைத் தூதரகம் வைத்திருந்தது. தமிழ் பேசும் ஊரில், சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில், இந்திய அரசின் வெளிநாட்டு அலுவலகம்! 1948 ஜூனில் இரு அரசுகளும் வாக்கெடுப்புக்கு உடன்பட்டன. இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரின் மக்கள் 1949 ஜூனில் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தார்கள். புதுச்சேரியில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது.

1954 மார்ச் 18 அன்று திருப்பம் வந்தது. புதுச்சேரியின் நிர்வாகக் கவுன்சிலர்களும் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகளின் மேயர்களும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சுத் தரப்பில் நின்றவரும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினருமான எதுவார் குபேர் அந்த அணியில் இருந்தார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கே குபேர் தலைமையில் ஒரு தற்காலிக அரசு அமைந்தது. வயலும் ஏரியும் சூழ்ந்த ஒரு கொம்யூனில், உலக வரைபடத்தில் இடமில்லாத ஓர் அரசு.

நெட்டப்பாக்கம் அரசின் கதை நம் வரலாற்று நூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அது நியாயமில்லை. அந்த அரசை பிரான்சு ஏற்கவில்லை. தில்லியும் பேச்சுவார்த்தையை பாரிசோடு நடத்தியதே தவிர நெட்டப்பாக்கத்தோடு நடத்தவில்லை. ஆனால் அது இருந்ததால்தான் 'உங்கள் கையை விட்டு நிலம் போய்க்கொண்டிருக்கிறது' என்று பாரிசிடம் சொல்ல முடிந்தது. மற்ற பிரெஞ்சுப் பகுதிகளில் ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் கைமாறின. அதற்கு முன்பே மே 7 அன்று வியட்நாமில் பிரான்சின் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. மே மாதம் பாரிசில் தொடங்கிய பேச்சு முறிந்தது. ஜூனில் பிரதமரான மெந்தெஸ் பிரான்ஸ், இந்தோசீனப் போரை முடித்த கையோடு புதுச்சேரி விஷயத்துக்கும் வழி தேடினார்.

கிடைத்த வழி கீழூர். அக்டோபர் 18 அன்று அந்தக் கிராமத்தில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றாம் நாள் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி நிர்வாகத்தை ஒப்படைத்தார். புதுச்சேரியில் இந்தியாவின் துணைத் தூதராக இருந்த கெவல் சிங் பெற்றுக்கொண்டார். நேற்றுவரை அயல்நாட்டுப் பிரதிநிதி, இன்று தலைமை ஆணையர்.

ஆனால் அன்று கைமாறியது நிர்வாகம் மட்டும். இறையாண்மை மாற வேண்டுமென்றால் ஒரு நிலக் கையளிப்பு உடன்படிக்கை வேண்டும்; பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். உடன்படிக்கையில் 1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஓஸ்ட்ரோராக்கும் கையெழுத்திட்டார்கள். ஒப்புதல் வரவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் தாளில் கையுயர்த்த பாரிசில் எந்த அரசுக்கும் துணிவில்லை.

இந்த இடைவெளியில் புதுச்சேரியை இந்தியா எந்தச் சட்டத்தால் ஆண்டது? 1947ஆம் ஆண்டின் 'அயல்நாட்டு அதிகாரவரம்புச் சட்டத்தால்'. தன் நாட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் அதிகாரம் செலுத்துவதற்கான சட்டம் அது. ஊரைக் கவனித்தது உள்துறை இல்லை, வெளியுறவுத் துறை. 1955இல் புதுச்சேரிக்குப் பிரதிநிதித்துவ சபைத் தேர்தல் நடந்தது, 1959இலும் நடந்தது. ஆனால் 1957, 1962 மக்களவைத் தேர்தல்களில் தமிழ்நாடு முழுக்க ஓட்டுச் சாவடிக்குப் போனபோது புதுச்சேரி வாக்களிக்கவில்லை. கோட்டக்குப்பத்தில் ஓட்டு உண்டு, முத்தியால்பேட்டையில் கிடையாது.

வணிகர்களின் பாடு இதைவிடச் சிக்கல். 1954 நவம்பருக்கு முன், பிரெஞ்சு அதிகாரிகளின் அனுமதியோடு வெளிநாட்டில் சரக்குக்கு உறுதி ஒப்பந்தம் போட்டவர்கள் பலர். சரக்கு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது கொடி மாறியிருந்தது. 'இந்திய லைசென்ஸ் எங்கே?' என்று சுங்க அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். இதில் எழுந்த யூனிவர்சல் இம்போர்ட்ஸ் ஏஜென்சி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் வணிகர்கள் பக்கம் நின்றது. இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டித்த ஆணையிலேயே, அதற்கு முன் செய்யப்பட்ட செயல்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தமும் அனுமதியும் முன்பே முடிந்துவிட்டதால் அதன் விளைவாக வந்த இறக்குமதியும் அதில் அடங்கும் என்றது தீர்ப்பு. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதற்காக அந்த வணிகர்கள் கிட்டத்தட்ட ஆறு வருடம் காத்திருந்தார்கள். முடங்கிய முதலுக்கு வட்டி கட்டியவர்களுக்குத்தான் அந்த ஆறு வருடத்தின் நீளம் தெரியும்.

இன்றைய உலகிலும் இதே தொல்லை தொடர்கிறது. வட சைப்ரசை துருக்கி ஒன்றுதான் நாடாக ஏற்கிறது. அங்கே விளையும் எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வட சைப்ரஸ் அதிகாரிகள் கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழத்தில் குறையில்லை, முத்திரை குத்தியவரை யாரும் அங்கீகரிக்கவில்லை. தைவான் வேறு வழி கண்டது. இந்தியா தைவானை நாடாக அங்கீகரிக்கவில்லை. 1995 முதல் தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' இயங்குகிறது. சென்னையில் 'தைபே பொருளாதார பண்பாட்டு மையம்' இருக்கிறது. விசாவும் வணிகமும் அவற்றின் வழியே நடக்கின்றன. அன்றைய புதுச்சேரிக்கு அப்படிப் பேரம் பேச ஒரு தனிக் குரல் இல்லை. தில்லியும் பாரிசும் முடித்துவைக்கும்வரை காத்திருப்பது ஒன்றுதான் அதன் பங்கு.

அந்தக் காத்திருப்பை நேரு பொறுமையோடு கையாண்டார் என்று பாராட்டுவது வழக்கம். கோவாவில் 1961 டிசம்பரில் படை நுழைந்தது, புதுச்சேரியில் ஒரு துப்பாக்கியும் தேவைப்படவில்லை. அந்தப் பாராட்டு பொருத்தமானதே. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்களில் பஸ் பர்மிட்டுக்கு மனுப்போட்டவர்களும் உண்டு. தில்லி நியமித்த அதிகாரி செய்தது தவறென்று அவர்கள் நினைத்தார்கள். அதைக் கேட்கத் தில்லியில் உள்ள நீதிமன்றத்துக்கு வழியில்லை என்றானது. தன் அதிகாரியின் கை எட்டும் இடத்துக்குத் தன் நீதிமன்றத்தின் கை எட்டாது என்று ஒரு குடியரசே எழுதிக் கொடுத்தது. அந்தப் பதில் சட்டப்படி சரியாக இருக்கலாம். மனுப்போட்டவர்களுக்கு அது நீதியாகப் பட்டிருக்காது.

1962 மார்ச்சில் அல்ஜீரியப் போரை முடிக்கும் எவியான் உடன்பாடு கையெழுத்தாகி, ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றம் புதுச்சேரி உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16 அன்று தில்லியில் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. மஸ்தான் சாகிப் தீர்ப்பு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரவரம்பு புதுச்சேரிக்கும் வந்தது. டிசம்பர் கடைசியில் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் அதை யூனியன் பிரதேசமாகச் சேர்த்தது. 1963 ஜூலையில் சட்டமன்றம் அமைந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நெட்டப்பாக்கத்தின் அதே குபேர். இன்று கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

உடன்படிக்கையில் ஒரு கெடுவும் இருந்தது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகஸ்ட் 16 அன்று தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் சைகோனிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றித் திரும்பிய 'சொல்தா'க்களின் வீடுகளில், 1963 பிப்ரவரி வரை இதைப் பற்றித்தான் பேச்சு. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்களைப் பற்றியும், பிரான்சிலிருந்து இன்றும் வரும் பென்ஷனைப் பற்றியும் அடுத்த இதழில்.

(தொடரும்)