முந்திரிக்கொத்தும் ஒரு கடைவாய்ப்பல்லும்

மார்கழித் தேருக்கு சுசீந்திரம் போயிருந்தேன். ஆச்சி செஞ்ச முந்திரிக்கொத்தைக் கடிச்சதும் 'டொக்'. வாயில ரெண்டு துண்டு. ஒண்ணு முந்திரிக்கொத்து, இன்னொண்ணு என் கடைவாய்ப்பல்லு. (வெளியூர்க்காரங்களுக்கு: பேருலதான் முந்திரி. உள்ளே பாசிப்பயறும் பாகும். பாகு முறுகினா கருங்கல்தான்!)

ஆச்சி எட்டிப் பாத்தாங்க. "சவத்தைப் பிடுங்கித் தூரப் போடு மக்ளே. நான் அம்பது வயசுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கியாச்சு. செத்தா போனேன்?"

இதை அறியாமைன்னு சொல்ல முடியல. பல்லு ஆழமா உடைஞ்சா உள்ளே இருக்கிற நரம்பு வரைக்கும் கிருமி போகும், வேர்ல சீழ் பிடிக்கும், தாடை வீங்கும். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்துல அதுல ஆள் செத்ததும் உண்டு. பிடுங்கிட்டா சீழுக்கு வழி கிடைக்கும். அதனால பிடுங்குறதுதான் வைத்தியம்.

மறுநாள் கோவில்ல 18 அடி அனுமார் முன்னாடி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'ஹனு'ன்னா தாடை. இந்திரன் வஜ்ராயுதத்தால அடிச்சு தாடை உடைஞ்சதாலதான் அந்தப் பேருன்னு கதை. அந்த இந்திரன் பாவம் தீர்ந்து சுத்தமான ஊர்தான் சுசீந்திரமாம். நல்ல ஜோடி :-)

நாகர்கோவில்ல பல் டாக்டர் பிடுங்க மாட்டேன்னுட்டார். ரூட் கெனால் பண்ணி மேல கேப் போடலாம்னார். ஏதோ புது டெக்னாலஜின்னு நினைச்சு வீட்டுக்கு வந்து தேடினா, 1838-லயே எட்வர்ட் மேனார்டுங்கிற அமெரிக்கப் பல் டாக்டர் கடிகார ஸ்பிரிங்கைச் செதுக்கி, வேர்க்குழாய்க்குள்ள விட்டு நரம்பை எடுக்க ஒரு கருவி செஞ்சிருக்கார். (மனுஷன் துப்பாக்கிக்கும் புது டிசைன் கண்டுபிடிச்சவர். என்ன காம்பினேஷனோ!) அதே 1838-லதான் நம்ம நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி ஆரம்பமாச்சு. பின்னாடி எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் வேலை பார்த்தாரே, அதேதான்.

அப்போ மயக்க மருந்து கிடையாது. 1844-ல ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவை இழுத்துக்கிட்டு தன் பல்லையே பிடுங்கவச்சுப் பாத்தார்.

கருவி வந்தாச்சு, மயக்கமும் வந்தாச்சு. செய்ய ஆள் வேணுமே? ரஃபியுதீன் அகமது கல்கத்தாவுல பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினது 1920. பல் மருத்துவர் சட்டம் 1948. சென்னையில 1953. எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்துல 1959. அதுக்குள்ள, 1956-லயே, எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தாச்சு! திருவனந்தபுரத்துல முதல் செட்டு படிச்சு முடிக்கிறப்போ ஆச்சிக்கு ரெண்டு பல்லு போயிருந்துச்சு.

உங்களுக்கு உடைஞ்சா துண்டைத் தூக்கிப் போடாதீங்க, சில சமயம் ஒட்டவைக்கலாம். வளர்ந்த பல்லு முழுசா விழுந்தா வேரைத் தொடாம, தேய்க்காம, பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட ஓடுங்க. சின்னப் பிள்ளைங்க பால் பல்லுக்கு இது வேண்டாம்.

கேப் போட்டு வந்ததும் ஆச்சி வாயைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இது அப்பமே உண்டா மக்ளே?"

அவங்க பொறக்கிறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே உண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.