மயக்கமும் மரப்பும்

கையெலும்பு முறிந்து ரண சிகிச்சைக்கு உட்பட்டவர், சிகிச்சை நடக்கும்பொழுதே வைத்தியரோடு வார்த்தையாடிக்கொண்டிருந்தார் என்று கூறிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே "மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள்" என்று நம்மவர் சேர்த்துச் சொல்வதைக் கேட்கையில், மயக்கம் என்னும் சொல் எத்தனை பாரம் சுமக்கிறது என்று எனக்குத் தோன்றும். மயங்குதலுக்குக் கலத்தல் என்பது பழம்பொருள்; 'திணைமயக்கம்' என்னும் தொடரில் நினைவிழத்தலுக்கு இடமே இல்லை. மயக்கம் என்று நாம் பெயர்க்கும் அனஸ்தீசியா என்னும் கிரேக்கச் சொல்லும் உணர்வின்மையையே குறித்தது; ஈதர் ஆவியால் நினைவிழக்கச் செய்யும் முறை பிரசித்தியடைந்த 1846-இல் அமெரிக்க வைத்தியர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அச்சொல்லை அந்நிலைக்குப் பெயராகப் பரிந்துரைத்தபின், நினைவிழப்பும் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆனால், ஜெர்மானிய வைத்தியர் கூலன்காம்ப் 1911-இல் காறையெலும்புக்கு மேலே ஊசியேற்றித் தம் உடம்பிலேயே சோதித்த முறையில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் மாத்திரம் ஒடுங்குகிறது. சித்தம் தெளிவாகவே இருக்கிறது. கை மாத்திரம் உணர்விழக்கும் இந்நிலைக்குத் 'திமிர்' என்னும் சொல் வெகு பொருத்தம். உறுப்பு உணர்வற்று விறைத்தலை அது குறித்தமைக்குத் 'திமிர்வாதம்' சாட்சி. ஆயினும், அகங்காரம் என்னும் பொருள் அதனைக் கவர்ந்துகொண்டபின் 'திமிர் ஊசி' என்று எந்த நோயாளியிடம் சொல்வது? (சிலருக்கு அது வேறு காரணத்துக்காகத் தேவைப்படலாம்.) பல் வைத்தியரிடம் போய்வந்தவர்கள் 'மரத்துப்போகிற ஊசி' என்று தாமாகவே சொல்லுகிறார்களாதலின், 'நரம்பு மரப்பு' என்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது. நரம்பை மரமாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுபவருக்கு, சில மணி நேரத்தில் கை பழையபடி ஆகிவிடும் என்று வைத்தியர் சொல்லிக்கொள்ளலாம்.