கடல் தாண்டிய கழுகு – 9: லிமா நூலகத்தில் ஒரு கேப்டன்

சென்ற இதழின் முடிவில் அமெரிக்கக் கடற்படையின் கொமடோர் டியூயி ஹாங்காங்கில் நங்கூரம் பாய்ச்சிக் காத்திருந்தார். அவர் மணிலாவுக்குக் கிளம்பும் முன் இன்னொருவரைப் பார்த்துவிட வேண்டும். 1898இல் ஸ்பெயினோடு நடந்த அந்தப் போரில் ஒரு குண்டுகூடச் சுடாதவர். ஆனால் அமெரிக்கா எந்தக் கடலில் எதைப் பிடிக்க வேண்டும் என்று எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர். ஆல்ஃப்ரெட் தேயர் மாஹன்.

1884. பெரு நாட்டின் கடலோரத்தில் வாச்சூசெட் என்ற பழைய மரக்கப்பல். அதன் கேப்டன் மாஹனுக்குக் கடல் பிடிக்காது. கப்பலைச் செலுத்துவதிலும் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியதில்லை. அவருக்கு உயிர் புத்தகம்தான். லிமாவில் இருந்த ஆங்கிலேயர் கிளப்பின் நூலகத்தில் மாம்சென் எழுதிய ரோமானிய வரலாற்றை எடுத்துப் புரட்டினார். கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படையெடுப்பு வந்தது.

என்ன ஒரு படையெடுப்பு அது! ஸ்பெயினில் தொடங்கி, ரோன் நதியைக் கடந்து, யானைகளோடு ஆல்ப்ஸ் பனியில் ஏறி இறங்கினான் ஹானிபால். இத்தாலி மண்ணை மிதித்தபோது அவனுடைய வீரர்களில் பாதிக்கு மேல் இல்லை. ஏன் இந்தச் சுற்றுவழி? கடல் ரோமானியர் கையில் இருந்தது. கார்த்தேஜிலிருந்து நேராகக் கப்பலேற முடிந்திருந்தால் ரோம் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி மாஹனை விடவில்லை. நியூபோர்ட்டில் புதிதாகத் தொடங்கியிருந்த கடற்படைப் போர்க் கல்லூரியில் 1886இல் அதையே பாடமாக நடத்தினார். 1890இல் அது புத்தகமாயிற்று: வரலாற்றின் மீது கடல் வலிமையின் தாக்கம்.

ஜெர்மனியின் கைசர் அதை விழுங்கி விழுங்கிப் படித்தார். இளம் தியடோர் ரூஸ்வெல்ட் பத்திரிகையில் பாராட்டி மதிப்புரை எழுதினார்.

வாதம் எளிமையானது. உற்பத்தி பெருகினால் வெளிச்சந்தை வேண்டும். சந்தைக்கு வணிகக் கப்பல் வேண்டும், அதைக் காக்கப் போர்க்கப்பல் வேண்டும். பாய்மரம் காற்றில் ஓடியது. நீராவிக் கப்பலுக்கோ வழியெல்லாம் நிலக்கரி வேண்டும். ஆகவே தீவுகள் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 3,000 மைலுக்குள் எந்த அந்நிய நாடும் நிலக்கரி நிலையம் பெறக்கூடாது என்று 1890 டிசம்பரில் மாஹன் எழுதினார். அந்த வட்டத்துக்குள்தான் ஹவாய் இருந்தது.

ஜோசையா ஸ்ட்ராங் போன்ற பாதிரியார்கள் இதற்கு மதச் சாயம் பூசினார்கள். மேற்கே குடியேற்ற எல்லை முடிந்துவிட்டது என்று 1893இல் வரலாற்றாசிரியர் டர்னர் அறிவித்தது இன்னொரு தூண்டுகோல். ஆனால் அட்மிரல்களுக்கும் செனட்டர்களுக்கும் கையில் பிடித்துக் காட்ட ஒரு வரைபடம் தந்தவர் மாஹன்தான்.

அந்த வரைபடத்தில் துறைமுகம் உண்டு, தூரம் உண்டு, மனிதர்கள் இல்லை. மாஹனின் அறிவை எவ்வளவு வியந்தாலும் இதை மன்னிக்க முடியாது. 1893 ஜனவரியில் பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 162 அமெரிக்கப் படையினர் ஹோனலூலுவில் இறங்கினார்கள். மறுநாள் ஹவாய் அரசி லிலியுகலானி பதவி இழந்தார். மாஹன் அதே மாதம் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார்: சீன வெள்ளம் கிழக்கே பாயக்கூடும், ஹவாயை நாகரிக நாடொன்று வைத்திருக்க வேண்டும் என்று. ஹவாய் மக்கள் என்ன நினைத்தார்கள்? 1897இல் அமெரிக்காவுடனான இணைப்பை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசியும் வாஷிங்டனில் தங்கி வாதாடினார். இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தேறவில்லை. பதவி இழந்த பிறகும் பேனாவால் போராடிய அந்தப் பெண்மணிதான் இந்தக் கதையின் உண்மையான வீரர். ஸ்பெயினோடு போர் மூண்ட பிறகு, 1898 ஜூலையில், செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படாத கூட்டுத் தீர்மானம் ஒன்றால் ஹவாயை எடுத்துக்கொண்டார்கள்.

இனி டியூயி. போர் தொடங்கியதும் நடுநிலை காத்த பிரிட்டன் அவரை ஹாங்காங்கிலிருந்து வெளியேறச் சொன்னது. ஆசியக் கடலில் அமெரிக்காவுக்கென்று ஒரு நிலக்கரி நிலையமும் கிடையாது. அது தெரிந்துதான் நான்ஷான் என்ற கப்பலை, அதிலிருந்த நிலக்கரியோடு சேர்த்து, முன்கூட்டியே விலைக்கு வாங்கியிருந்தார். ஏப்ரல் 27இல் சீனக் கரையோரத்து மிர்ஸ் விரிகுடாவிலிருந்து மணிலாவை நோக்கிப் புறப்பட்ட அவருடைய ஆறு போர்க்கப்பல்களில் ஒன்று, ஹோனலூலுவில் படை இறக்கிய அதே பாஸ்டன். மே 1 விடியற்காலையில் நடந்தது அடுத்த இதழில்.