மாணவராய் இருந்த பேராசிரியர்: ஹீராஸ் பாதிரியார்

1922ஆம் ஆண்டில் ஏசு சபைத் துறவி ஒருவர் பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரிக்கு வரலாற்றாசிரியராக வந்து சேர்ந்தார். எந்த வரலாற்றைக் கற்பிப்பீர் என்று கேட்டபோது, "இந்திய வரலாறு" என்றாராம். அதில் அவருக்கு அதுகாறும் பயிற்சி இல்லை. இனிமேல் கற்றுக்கொள்ளலாம் என்பதே அவர் துணிவு. அவர்தாம் ஹென்றி ஹீராஸ். 1888இல் ஸ்பெயின் நாட்டுப் பார்ஸிலோனா நகரிற் பிறந்தவர்.

துணிவு வீண்போகவில்லை. 1926இல் கல்லூரியிலேயே இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிறுவனத்தை அவர் தொடங்கினார். மறு ஆண்டே விஜயநகர ஆரவீட்டு மரபைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்வெட்டுகளோடு, ஏசு சபையினர் தம் தலைமைக்கு எழுதிய கடிதங்களையும் சான்றாகக் கொண்டது அந்நூல். 1933இல் பல்லவர் வரலாற்றாய்வு வெளிவந்தது. தாம் எழுதியதோடு அமையாமல் மாணவரையும் மூலச் சான்றுகளிடம் அழைத்துச் சென்றார். அவர் மாணவர் மொரேய்ஸ் கதம்பர் வரலாற்றை எழுதி 1931இல் வெளியிட்டார்.

தமிழர் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணம் சிந்துவெளி ஆய்வு. முத்திரைகளின் மொழி மூலத் திராவிடமே என்பது அவர் முடிவு. அங்குள்ள மீன் உருவத்துக்கு அவர் கண்ட விளக்கம் எளியது. நீரில் வாழ்வதும் மீன். வானில் ஒளிர்வதும் மீன். ஆகவே மீனை வரைந்து விண்மீனைக் குறித்தனர் என்றார். இக்கருத்தைப் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலா ஏற்று மேலும் வளர்த்தார்.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. 1953இல் வந்த நூலில் ஹீராஸ் முத்திரை முத்திரையாக எழுதிய பொருள்களை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. அவற்றைச் சரிபார்க்க இருமொழிச் சாசனம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவ்வெழுத்தை ஐயமறப் படித்தவரும் இலர். நமக்கு உவப்பான முடிவு என்பதனாலேயே ஒன்றை மெய்யென்று வகுப்பிற் சொல்லிவிடுதல் வரலாறு ஆகாது.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. வாசித்த சொற்கள் பல நில்லாவிடினும், கேட்ட கேள்வி நின்றது. 1955இல் அவர் மறைந்தார். அவர் நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, மறுநாளே நூலைத் திறப்பவரே நல்லாசிரியர். பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தும் ஹீராஸ் இறுதிவரை அப்படி ஒரு மாணவராகவே இருந்தார்.