மவுஸ் வென்றது எந்தத் தேர்வில்?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் நாமெல்லாம் திடீரென்று இயங்கலை ஆசிரியர்கள் ஆனோம், நினைவிருக்கிறதா? அப்போது ஒரு நாள் திரையில் வெண்பலகையைத் திறந்து, மவுஸைப் பிடித்து ‘ண’ எழுதினேன். கை ஒரு பக்கம் போனது, கோடு இன்னொரு பக்கம் போனது. உடனே ஒரு மாணவன், “டீச்சர், இது ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா?” என்று கேட்டான். சிரித்துச் சமாளித்தேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. படிவம் 2 மாணவி ஒருத்தி, சுவரொட்டிப் பணிக்காக மவுஸால் ஒரு மயில் வரைந்து அனுப்பினாள். கோடெல்லாம் உடைந்து கிடந்தது. குறைந்த புள்ளி போட்டேன். “எனக்கு வரைய வராது டீச்சர்” என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பள்ளி திறந்த பிறகு அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். பென்சிலில் அதே மயில். தோகையில் ஒவ்வோர் இறகும் அசைவது போல இருந்தது. நான் மதிப்பிட்டது அவள் கையையா, கையில் இருந்த கருவியையா?

அன்றிலிருந்துதான் இந்தக் கருவிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாணவர் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: “ஆய்வுகளின்படி மவுஸே சிறந்த உள்ளீட்டுக் கருவி.” அந்த வரி உண்மையா, எந்த அளவுக்கு உண்மை என்று இங்கே பார்ப்போம். மவுஸைச் சுட்டி என்றும் எலியன் என்றும் எழுதுகிறோம். பேச்சில் எல்லாருக்கும் அது மவுஸ்தான் என்பதால் அப்படியே எழுதுகிறேன். பேனா வைத்து வரையும் டேப்லட்டை வரைபலகை என்கிறேன்.

பேனாதான் மூத்தது

கணினியில் வரைவது மவுஸ் வந்த பிறகு தொடங்கியது என்று பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வு மாணவர், தம் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் அது இயங்கியது. அவர் கையில் இருந்தது ஒளிப்பேனா. திரையின் ஒளியை அந்தப் பேனா உணரும். பேனா எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுகொள்ளும். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினியே அவற்றைத் திருத்தும். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்களுக்கு இதுதான் பாட்டன்.

ஒளிப்பேனாவில் ஒரு தொல்லை இருந்தது. கையைத் தூக்கி, நிமிர்ந்து நிற்கும் திரைமேல் வைத்திருக்க வேண்டும். வெண்பலகையில் நாள் முழுக்க எழுதும் நமக்குத் தெரியாத வலியா அது?

1964-இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது. கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்காவில் உள்ள ரேண்ட் நிறுவனத்தில் டாம் எல்லிஸ், மால்கம் டேவிஸ் ஆகிய இருவரும் ஒரு வரைபலகையை உருவாக்கினார்கள். அது மேசைமேல் படுத்திருக்கும். வரையும் பரப்பு ஏறக்குறைய 10 அங்குல நீளம், 10 அங்குல அகலம். அதற்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளை அது பிரித்தறிந்தது. கை மேசையில் ஓய்வாக இருக்கும். கண் திரையைப் பார்க்கும். இன்று கடையில் பார்க்கிற வரைபலகையின் அடிப்படை இதுதான். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி அது பரவவில்லை.

அதே ஆண்டில் ஒரு மரக்கட்டை

அதே 1964 வாக்கில், அதே கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு வேறொரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. திரையில் இருக்கும் எழுத்தையும் சொல்லையும் வேகமாகத் தொட்டுத் திருத்த வேண்டும். அறிவை ஒழுங்குபடுத்தி, பலர் சேர்ந்து வேலை செய்யக் கணினி உதவ வேண்டும் என்பது எங்கல்பார்ட்டின் கனவு. படம் வரைவது அவருடைய முதல் கவலை இல்லை.

அவர் யோசனைப்படி பில் இங்லிஷ் முதல் மவுஸைச் செய்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 90 நிமிடம் நடந்த செயல்விளக்கத்தில் உலகம் அதைப் பார்த்தது. 1970-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆவணத்தில் மவுஸ் என்பது தலைப்பாக இல்லை. திரையில் இடம் காட்டும் கருவி என்ற பொருள்படும் பெயர்தான் இருந்தது. பிறக்கும்போதே அது சுட்டிக் காட்டத்தான் பிறந்தது. நம் தமிழில் ‘சுட்டி’ என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார், இல்லீங்களா?

தேர்வில் கேட்ட கேள்வி என்ன?

இப்போது அந்தப் புகழ்பெற்ற ஆய்வுக்கு வருவோம். எங்கல்பார்ட்டின் குழு பல கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1967-இல் முடிவுகளை வெளியிட்டது. மவுஸ், ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், கிராஃபகான் என்ற நீளும் கைக் கருவி, மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் கருவி என்று பட்டியல் போகிறது. கைபழகியவர்களிடம் மவுஸ் வேகமாகவும் பிழை குறைவாகவும் இருந்தது. மாணவர் கட்டுரையில் வரும் வரிக்கு இதுதான் வேர்.

ஆனால் அந்த ஆய்வில் என்ன செய்யச் சொன்னார்கள்? விசைப்பலகையில் இடைவெளி விசையைத் தட்ட வேண்டும். பிறகு கையைக் கருவிக்குக் கொண்டுபோய், திரையில் காட்டிய ஓர் எழுத்தையோ சொல்லையோ தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று அளந்தார்கள். யாரையும் ஒரு வளைகோடு கூட வரையச் சொல்லவில்லை. ரேண்ட் பலகை போன்ற தட்டையான வரைபலகையும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு முடிவும் அதிலேயே இருக்கிறது. அதை நாம் எழுதுவதில்லை. கைபழகாத புதியவர்களிடம் ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும் மவுஸைவிட வேகமாக இருந்தன. அதாவது, பழக்கமும் ஒரு காரணி.

1978-இல் ஸ்டூவர்ட் கார்டு, பில் இங்லிஷ், பெட்டி பர் ஆகிய மூவர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் செய்த ஒப்பீடு வெளிவந்தது. மவுஸ், ஜாய்ஸ்டிக், இருவகை விசைகள் ஆகியவற்றைத் திரையில் எழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். மறுபடியும் மவுஸ் முதலிடம். மறுபடியும் வேலை எழுத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். மறுபடியும் வரைபலகை போட்டியில் இல்லை.

ஓடாதவனை ஓட்டப்பந்தயத்தில் தோற்றவன் என்று சொல்ல முடியுமா?

பெட்டிக்குள் வந்தது எது?

ஆய்வு மட்டும் மவுஸை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார், 1983-இல் ஆப்பிள் லிசா, 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் என்று கணினிகள் மவுஸோடு வந்தன. மெக்கின்டாஷோடு பில் அட்கின்சன் எழுதிய மெக்பெயின்ட் என்ற வரைமென்பொருளும் வந்தது. மக்கள் மவுஸால் வரையப் பழகினார்கள். ஏனென்றால் பெட்டியைப் பிரித்தால் உள்ளே மவுஸ் இருந்தது. 1979-இலேயே ஆப்பிள் II கணினிக்கு ஒரு வரைபலகையை ஆப்பிள் விற்றது உண்மைதான். ஆனால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடவே வருவதற்கும் தனியாக வாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பள்ளிக்குப் பொருள் வாங்கிய எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பேனா திரும்பி வந்த கதை

ஜப்பானில் 1983-இல் தொடங்கிய வாகோம் நிறுவனம், அடுத்த ஆண்டே கம்பியில்லாப் பேனாவுடன் ஒரு வரைபலகையைக் கொண்டுவந்தது. பலகை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு பதில் அலை அனுப்பும். அதனால் பேனாவுக்கு பேட்டரி வேண்டாம். பின்னர் அழுத்தத்தை உணரும் பேனாக்கள் வந்தன. மெதுவாகத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. சாதாரண மவுஸால் இது முடியாது. அதன் பொத்தானுக்கு அழுத்தியது, விட்டது என்ற இரண்டு நிலைதான் தெரியும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வரைபலகையில் மேல் மூலையைத் தொட்டால் திரையின் மேல் மூலைக்குப் போவோம். மவுஸ் தான் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ‘ண’ எழுதும்போது என் கை தடுமாறியது இதனால்தான். மவுஸை மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து தள்ளுகின்றன; பேனாவை நடத்துவது சிறுவயதிலிருந்து எழுதிப் பழகிய விரல்கள்.

1991-இல் ஸ்காட் மெக்கன்சி, அபிகேல் செல்லன், பில் பக்ஸ்டன் ஆகியோர் மவுஸ், வரைபலகைப் பேனா, டிராக்பால் மூன்றையும் ஒன்றாக ஒப்பிட்டார்கள். புள்ளியைச் சுட்டும் வேலையில் பேனா மவுஸை முந்தியது. ஒரு பொருளைப் பிடித்து இழுக்கும் வேலையில் அந்த முன்னிலை இல்லை. ஆகவே பேனாதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று எழுதினாலும் அது தவறான விடைதான்.

அப்படியானால் எதை வாங்குவது?

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: மாணவர் என்ன செய்யப் போகிறார்?

சுவரொட்டியில் எழுத்தையும் படத்தையும் வரிசைப்படுத்த, வரைபடம் போட, பெட்டிகளை நேராக அடுக்க மவுஸ் போதும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987-இல் வந்தது முதல், வளைகோட்டைக் கையால் இழுக்காமல் சில புள்ளிகளையும் அவற்றின் கைப்பிடிகளையும் நகர்த்தி அமைக்கிறோம். பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே பரப்பிய கணக்குமுறை அது. அந்த வேலைக்கு மவுஸ் நன்றாகவே கைகொடுக்கும். கையால் வரையும் ஓவியம், நிழல் தீட்டுதல், எழுத்து வடிவத்தைச் சுழி சுழியாகக் காட்டுதல் என்றால் பேனா வேண்டும். நிதி குறைவாக இருந்தால், வகுப்புக்கே ஒன்றிரண்டு சிறிய வரைபலகைகள் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாதா? தாளில் வரைந்து, படம் பிடித்து, கணினியில் மவுஸால் ஒழுங்கு செய்யட்டும். முதல் சில நாள் பேனாவும் தடுமாறும்; பழகும் வரை புள்ளி போடாதீர்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

“ஆய்வு நிரூபித்தது” என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வேலை கொடுத்து அளந்தார்கள்? யாரை வைத்து அளந்தார்கள்? போட்டியில் சேர்க்கப்படாதது எது? மேலே சொன்ன 1967 ஆய்வை வைத்தே இந்த மூன்றுக்கும் விடை எழுதிப் பழகலாம். வரலாற்றுச் சான்றை மதிப்பிடச் சொல்லும் எந்தக் கேள்விக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

ஆசிரியர்களான நாமும் தேர்வு வைக்கிறவர்கள்தானே. அதே மூன்று கேள்வியை நம் மதிப்பெண் தாளையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்டேன். அந்த மாணவியைக் கூப்பிட்டு, “நீ வரைஞ்சது சரிதான்மா, நான் பார்த்ததுதான் தப்பு” என்று சொல்லி, பென்சில் மயிலையும் சேர்த்துப் புள்ளியைத் திருத்தினேன்.