ஈஸ்ட்ரோன் போன வழி

ஆரணித் தறிகளில் ஏறும் பட்டு நூலுக்கும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பொதுவாக ஒரு மனிதர் உண்டு: ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனாண்ட். 1954இல் பீட்டர் கார்ல்சனும் அவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். புழு தோலுரிப்பதும் கூட்டுப்புழுவாக மாறுவதும் அந்த ஹார்மோனின் கட்டளைப்படிதான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1929இல், கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து இன்னொரு ஹார்மோனை அவர் படிகமாக எடுத்திருந்தார். பெயர் ஈஸ்ட்ரோன். அதே ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் அதைத் தனியே பிரித்தார். சினைப்பையில் சுரந்து பெண்ணுடலை வடிவமைக்கும் ஈஸ்ட்ரோஜன் குடும்பத்தில், தனித்துக் கையில் கிடைத்த முதல் உறுப்பினர் அதுதான்.

கையில் கிடைத்ததும் அது பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அன்டுவான் லக்கசான் 1932இல் அதை ஆண் சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். ஆண் சுண்டெலிக்கு மார்பகப் புற்று வருவது வழக்கமே இல்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது, பெண் சுண்டெலிகளில் பெரும்பாலானவை அந்த நோய்க்கே பலியாகும் ஒரு வம்சம். ஊசி போட்ட ஆண்களுக்கும் கட்டி வந்தது. நோய் அரிதான வம்சங்களிலோ அதே ஹார்மோன் அப்படி வேலை செய்யவில்லை. ஆக, அந்த ஆண் சுண்டெலிகளின் உடம்பிலும் நோய்க்கான வாய்ப்பு பரம்பரையாக இறங்கித்தான் இருந்தது. ஹார்மோன் இல்லாததால் அதுவரை வெளியே தெரியவில்லை.

ஆனால் ‘பரம்பரை’ என்பதிலேயே ஒரு சிக்கல் முளைத்தது. 1936இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பிட்னர், நோய் மிகுந்த வம்சத்துக் குட்டிகளைப் பிறந்த கையோடு எடுத்து, நோய் குறைந்த வம்சத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். புற்று வெகுவாகக் குறைந்துபோனது. தாய்ப்பாலில் ஏதோ ஒன்று கடந்து வந்திருக்கிறது. அது வைரஸ் என்று பின்னால் உறுதியானது. எது மரபணு, எது பால் வழி வந்த தொற்று என்று பிரித்துப் பார்க்காமல் சுண்டெலியை நம்ப முடியாது என்றாகிவிட்டது.

இந்த மூன்று கயிறுகளையும் இந்தியாவில் கையில் எடுத்தவர் கமல் ரணதிவே. பம்பாயில் வி. ஆர். கானோல்கரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மார்பகப் புற்றுக்கு ஆளாகும் தன்மையில் வேறுபட்ட நான்கு சுண்டெலி வம்சங்களை எடுத்துக்கொண்டார். கட்டியை அல்ல, கட்டி வருவதற்கு முந்தைய நலமான பால் சுரப்பியைத்தான் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். 1952இல் பம்பாயில் அமைந்த இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்திலும் ஹார்மோன், வைரஸ், பரம்பரை மூன்றுக்கும் உள்ள உறவுதான் அவர் தேடல். 1982இல் பத்மபூஷண் பெற்றார்.

அதற்குள் ஹார்மோனின் பாதை சுண்டெலியை விட்டு, அதைவிடப் பெரிய எலிகளின் பக்கம் திரும்பியிருந்தது. சுண்டெலியைப் படுத்திய பால் வைரஸ் தொல்லை எலியில் இல்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேனி கர்ட்டிஸும் வில்ஹெல்மினா டன்னிங்கும் 1926இல் ஆகஸ்ட், கோபன்ஹேகன் என்ற இரண்டு வம்சங்களைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். வயிறும் பாதமும் வெள்ளையாக உள்ள அந்த எலிக்கு இன்றைய பெயர் ஏசிஐ. 1938இல் லண்டனில் செயற்கை ஈஸ்ட்ரோஜனாக டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் பிறந்தது. விலை மலிவு, வாய்வழியாகவே கொடுக்கலாம். 1947இல் டன்னிங் குழு அதைப் பல எலி வம்சங்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஏசிஐ வம்சத்தில் மார்பகப் புற்று வந்தது. அதன் பெற்றோரில் ஒன்றான கோபன்ஹேகன் எதிர்த்து நின்றது.

கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவருக்கு இதில் வியப்பு இருக்காது. ஒரே மல்பெரி இலை, ஒரே வளர்ப்பு மனை. கோடை வந்தால் வெண்கூடு கட்டும் ரகம் சோர்ந்துவிடும், மஞ்சள் கூடு கட்டும் மைசூர் ரகம் தாக்குப்பிடிக்கும்.

எலி வம்சங்களில் இந்த வித்தியாசம் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடியவர் ஆய்வாளர் ஜேம்ஸ் ஷல். ஈஸ்ட்ரோஜன் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்ட்ரடயாலை 27.5 மில்லிகிராம் எடுத்து ஒரு சிறு சிலிக்கோன் குழாயில் அடைத்து எலியின் தோலுக்கடியில் வைத்துவிடுவது அவர் குழுவின் முறை. ஏழு மாதத்துக்குள் எல்லா ஏசிஐ பெண் எலிகளுக்கும் புற்று வந்ததை 1997இல் அவர்கள் வெளியிட்டார்கள். சினைப்பையை முன்கூட்டியே எடுத்துவிட்ட எலிகளுக்கோ வரவில்லை. குழாயிலிருந்து கசியும் எஸ்ட்ரடயால் மட்டும் போதாது, சினைப்பை தரும் வேறொன்றும் வேண்டியிருக்கிறது. இன்னொரு சினைப்பை ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் மீது சந்தேகம் விழுந்தது.

பிறகு ஏசிஐயையும் கோபன்ஹேகனையும் இணை சேர்த்து, பேரக்குட்டிகளில் யாருக்குச் சீக்கிரம் கட்டி வருகிறது, அவற்றின் குரோமோசோமில் எந்தத் துண்டு எந்தத் தாத்தா பாட்டியுடையது என்று கணக்கெடுத்தார்கள். 2004இல் விடை: 5ஆம் குரோமோசோமில் ஓரிடம், 18ஆம் குரோமோசோமில் ஓரிடம். பிரவுன் நார்வே என்ற இன்னொரு வம்சத்தோடு கலந்தபோது மேலும் பல இடங்கள் தெரிந்தன. ஒரே ஒரு ‘புற்று மரபணு’ கிடைக்கவில்லை; ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தராசைச் சாய்க்கும் பல இடங்கள்தான் கிடைத்தன. மனிதரிலும் பெரும்பாலான மார்பகப் புற்றுகள் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. பிஆர்சிஏ போன்ற வலுவான ஒற்றை மரபணுக் கோளாறால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான்.

ஆரணியில் ஒரு பெண் மார்பில் கட்டி என்று டாக்டரிடம் போனால் வரும் கேள்விகளில் இந்தப் பயணம் முழுவதும் இருக்கிறது. எந்த வயதில் பெரிய மனுஷியானாய், முதல் குழந்தை எப்போது, மாதவிலக்கு எப்போது நின்றது? இவை உடம்பு எத்தனை ஆண்டு ஹார்மோனில் நனைந்தது என்பதற்கான கணக்கு. வீட்டில் யாருக்காவது இருந்ததா? இது எலி வம்சக் கணக்கு. நம் பெண்கள் பெரும்பாலும் அம்மா, பெரியம்மா, சித்தியை மட்டும் யோசித்துவிட்டு ‘இல்லை’ என்பார்கள். லக்கசானின் ஆண் சுண்டெலிகள் காட்டியது வேறு: நோய் வராத ஆணிடமும் அந்த வாய்ப்பு ஒளிந்திருக்கலாம். அப்பாவும் அதை மகளுக்குக் கடத்தலாம். அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் இருந்ததா என்று கேட்டுவைத்துக்கொண்டு போவது நல்லது.